வந்த தண்ணி, போன தண்ணி

எங்கப்பா தண்ணி விற்றவர். இதைச் சொன்னதும் சிலர் டாஸ்மாக்கா என்று சிரிப்பார்கள், சிலர் கேன் வாட்டரா என்று கேட்பார்கள். ரெண்டும் இல்லை, லாரித் தண்ணி. 1990-களில் திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு ராப்பகலாகத் தண்ணீர் லாரிகள் ஓடிய காலம் ஒன்று இருந்தது. அந்த ஓட்டத்தில் எங்கள் லாரியும் ஒன்று. அதில் பாதி அப்பாவுக்கு, பாதி பெரியப்பாவுக்கு, மொத்தமும் ஃபைனான்ஸ்காரருக்கு.

போன மாதம் காலேஜ் கூட்டாளிகள் ஒரு கல்யாணத்தில் ஒன்றாகச் சேர்ந்தோம். பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் ஒருத்தன் ஆரம்பித்தான். கார்ப்பரேஷன் வேலையை எல்லாம் தனியாரிடம் கொடுத்துவிட்டால் ஊர் உருப்பட்டுவிடுமாம். ஆதாரம்: திருப்பூர் தண்ணீர்த் திட்டம். இன்னொருத்தன் எகிறினான். தண்ணீரைக்கூடத் தனியாருக்கு விற்ற நாடு இது, அந்தக் கம்பெனியின் கதி என்ன ஆச்சு தெரியுமா என்றான். அவனுக்கும் ஆதாரம் திருப்பூர் தண்ணீர்த் திட்டம்தான். ஒரே ஊரை வைத்து ரெண்டு பேரும் ஜெயிக்கப் பார்த்தார்கள். எனக்கு ரெண்டு பேர் மேலும் எரிச்சல். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் லாரி.

அஞ்சாவது முழுப்பரீட்சை லீவில் அப்பாவோடு ராத்திரி டிரிப்புக்குப் போயிருக்கிறேன். அவிநாசிக்கு வடக்கே ஒரு தோட்டம். கிணத்து மேட்டில் லாரியை ஒட்டி நிறுத்தி, தொட்டியின் வாயில் தடிமனான ஹோஸைச் சொருகுவார்கள். தோட்டத்துக்காரர் மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் வெறும் தகரத்தில் விழுகிற சத்தம் காதைப் பிளக்கும். கொஞ்ச நேரத்தில் அது அடங்கி, குடம் நிறைகிற மாதிரி கனத்த சத்தமாகும். அப்பா ஏறி எட்டிப் பார்க்கவே மாட்டார். கேபினில் சாய்ந்து கண்ணை மூடியபடியே, "போதுமுங்க, நிறுத்திக்கங்க" என்பார். சரியாகக் கழுத்து வரைக்கும் வந்திருக்கும். பன்னிரண்டாயிரம் லிட்டர்.

அங்கிருந்து பட்டறை. கேட்டில் லாரி நின்றதும் டையிங் மாஸ்டர் தூக்கக் கலக்கத்தோடு ஒரு டம்ளரை எடுத்து வருவார். வால்வைக் கொஞ்சம் திறந்து பிடித்து, வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்புவார். தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற, பேனா மாதிரி சட்டைப் பையில் குத்திக்கொள்கிற டி.டி.எஸ். மீட்டர் எல்லாம் பிற்பாடு வந்தது, அன்றைக்கு நாக்குதான் மீட்டர். "இது கருப்புக்கு ஆகும், லைட் ஷேடுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டால் போச்சு. அந்த லோடுக்கு விலை இறங்கும். உப்புத் தண்ணியில் வெளிர் நிறம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், வெளிநாட்டு பையர் சரக்கைத் திருப்பிவிடுவான். ஆகவே எந்தத் தோட்டத்துக் கிணறு இனிப்பு, எது சப்பை, எது உப்பு என்று அப்பாவின் தலைக்குள் ஒரு வரைபடம் இருந்தது. நிலத்தடி நீர் இலாகாவில் அப்படி ஒன்று இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இதைவிடச் சுத்தமான சந்தையை நான் பார்த்ததில்லை. விலையை யாரும் நிர்ணயிக்கவில்லை. மழை பெய்தால் லோடு விலை இறங்கும். சித்திரையில் ஏறும். கிறிஸ்துமஸ் ஆர்டர் நெருங்கினால் இன்னும் ஏறும். தரத்துக்கு ஒரு விலை, தூரத்துக்கு ஒரு விலை. பனியனுக்குச் சாயம் போடத் தண்ணீர் கேட்கிற அளவு அப்படி: அந்தக் காலத்து விஞ்ச் மெஷினில் ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கு மேல் செலவாகும். நகராட்சியால் வீடுகளுக்கே ஒழுங்காகக் கொடுக்க முடியவில்லை. எங்கள் தெருக் குழாயில் வாரம் ஒருமுறை வந்தால் அதுவே அதிர்ஷ்டம். பட்டறைகளுக்கு அவர்களிடம் எங்கே போவது?

தோட்டத்துக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஒருவர் அப்பாவிடம் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "மஞ்சள் போட்டா ஒம்பது மாசம் காத்துக் கெடக்கோணுமுங்க. தண்ணி வித்தா அன்னன்னிக்குக் காசு." அடுத்த வருஷம் அந்தத் தோட்டத்தில் மஞ்சள் இல்லை. அதற்கடுத்த வருஷம் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இல்லை. அவரும் போர் போட்டார், இவர் இன்னும் ஆழமாகப் போட்டார். நிலம் யாருடையதோ அடியில் இருக்கிற தண்ணீரும் அவருடையதுதான் என்பது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் தொட்டு வருகிற வழக்கம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் யாரிடம் போய் முறையிடுவார்? நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. நிறைவேறியதோடு சரி. நடைமுறைக்கே வராமல் 2013-இல் அதை ரத்தும் செய்துவிட்டார்கள். பத்து வருஷம் பெட்டிக்குள் தூங்கிய சட்டம்.

இந்த நிலைமையில்தான் அரசாங்கமும் ஏற்றுமதியாளர்களும் சேர்ந்து வேறு வழி பார்த்தார்கள். 1995-இல் 'நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன்' என்று ஒரு கம்பெனி பிறந்தது. மாநில அரசு, திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம், மும்பையின் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிதி நிறுவனம் எல்லாம் அதில் கூட்டு. பவானியும் காவிரியும் கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஆற்றிலிருந்து எடுத்து, சுத்திகரித்து, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாயில் கொண்டுவந்து, பட்டறைகளுக்கும் ஊருக்கும் வழியில் இருக்கிற கிராமங்களுக்கும் தருவது. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர். செலவு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். முப்பது வருஷ ஒப்பந்தம். பணம் திரட்டி முடிக்கவே 2002 ஆகிவிட்டது, தண்ணீர் வந்து சேர 2005-06. ஊரில் இதற்கு இவ்வளவு நீளப் பெயர் கிடையாது, மூணாவது குடிநீர்த் திட்டம் என்றால் தெரியும். இந்தியாவில் தண்ணீர் விநியோகத்தில் தனியார் பங்கேற்ற பெரிய திட்டங்களில் இதுதான் முன்னோடி. அந்த நாட்களில் இதைப் பற்றிப் பேசாத கருத்தரங்கே இருந்திருக்காது.

திட்டத்தின் மூளை எங்கே இருந்தது என்றால் விலையில். பட்டறைக்குக் கிலோலிட்டர் 45 ரூபாய். கிலோலிட்டர் என்பது ஆயிரம் லிட்டர். வீடுகளுக்காக நகராட்சியும் கிராமங்களுக்காக ஊராட்சிகளும் கொடுக்க வேண்டியது அதில் சின்னப் பங்கு. லாரிக்காரனுக்குக் கொடுத்துப் பழகிய கை 45 ரூபாயைக் கொடுக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் தப்பில்லை. பனியன் ஏற்றுமதி செய்கிறவர் கொடுக்கிற காசில் வழியோரக் கிராமத்துப் பாட்டிக்குக் குழாய்த் தண்ணீர் கிடைக்கிறது. இதைத் தண்ணீரை விற்பனைச் சரக்காக்கிவிட்டார்கள் என்று திட்டியவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் அதைக் கேட்டு யாருக்கும் பதறவில்லை. தண்ணீர் சரக்காகி வெகுகாலம் ஆயிற்று, எங்கள் வீட்டு அரிசி பருப்பே அந்தச் சரக்கில் வந்ததுதான்.

லாரி போனது. அப்பா பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. "அவனும் லாரிதான் ஓட்டறான். என்ன, என்னோடதுக்குச் சக்கரம் இருந்துச்சு, அவனோடதுக்கு இல்லை" என்றார். ஃபைனான்ஸ் அடைந்திருந்ததால் அந்த நக்கல்.

இதுவரைக்கும் முதல் கூட்டாளியின் கட்சி ஜெயிக்கிற மாதிரி இருக்கும். இனி என் அம்மா பிறந்த ஊருக்குப் போக வேண்டும்.

நொய்யல் திருப்பூர் வழியாக ஓடி, ஒரத்துப்பாளையம் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற ஆறு. மற்ற நாட்களில் அதில் ஓடியது பட்டறைகள் விட்ட சாயத்தண்ணிதான். ஆற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் ஐரோப்பாவில் இந்த வருஷம் எந்தக் கலர் ஓடுகிறது என்று தெரிந்துவிடும் என்று ஊருக்குள் ஒரு ஜோக் உண்டு. நாங்களும் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் அணை கட்டினார்கள், பாசனத்துக்கு. அதில் வந்து தேங்கியது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவுடைய, தோட்டம் அந்த அணைக்குக் கீழே.

நிறம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் நிறத்தைப் பற்றியே பேசினார்கள். பிரச்சினை உப்பில். பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் மூட்டை மூட்டையாக உப்புப் போட வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும், உப்பு அப்படியே தண்ணீரோடு வெளியேறும். தொண்ணூறுகளின் கடைசியில் பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. அவை நிறத்தை எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. தண்ணீர் பார்க்கத் தெளிவாக ஓடியது. அப்புச்சியின் தோட்டத்தில் முதலில் மஞ்சள் போயிற்று, அப்புறம் வாழை. தென்னை கடைசி வரைக்கும் நின்றது, காய் மட்டும் சிறுத்துக்கொண்டே வந்தது. மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அம்மாயி அதற்கு மட்டும் வெளியிலிருந்து ரெண்டு குடம் கொண்டுவந்து ஊற்றுவார்.

ஒரு தீபாவளிக்கு நாங்கள் அங்கே போயிருந்தோம். அப்பா கிணற்றடியில் நின்று ஒரு சொம்பு எடுத்து, டையிங் மாஸ்டர் மாதிரியே வாயில் விட்டுத் துப்பினார். கொஞ்ச நேரம் கழித்து அப்புச்சியிடம், "மாமா, நான் கொண்டு போய் ஊத்துன தண்ணிதானுங்க இது" என்றார். அப்புச்சி பதில் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "மாப்பிள்ளைக்குக் காப்பி வெச்சுட்டீங்களா" என்று மட்டும் கேட்டார்.

அப்பா சொன்னதில்தான் மொத்தமும் இருக்கிறது என்று எனக்கு இப்போது படுகிறது. ஒரு பட்டறைக்கு ரெண்டு குழாய். ஒன்றில் தண்ணீர் உள்ளே வருகிறது, இன்னொன்றில் வெளியே போகிறது. உள்ளே வருவதற்கு லாரிக் காலத்திலும் விலை இருந்தது, கம்பெனிக் காலத்திலும் இருந்தது. மீட்டர், பில், தவணை, வட்டி என்று அதைச் சுற்றி எத்தனையோ வக்கீல்களும் கணக்கர்களும் உழைத்தார்கள். வெளியே போகிற குழாய்க்கு விலை பூஜ்யம். ஆற்றில் விட்டால் காசில்லை. ஆயிரம் கோடிச் செலவில் செய்த ஒப்பந்தத்தில் வீட்டுச் சாக்கடைக்கு வழி இருந்தது, சாயக்கழிவுக்கு இல்லை. அது வேறு துறை, வேறு கோப்பு.

அதைவிட வயிற்றெரிச்சலான ஒன்று. கம்பெனி பிறந்தது 1995. வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996. அடுத்தடுத்த வருஷங்கள், ஒரே மாநிலம். கம்பெனி பணம் திரட்டி முடித்ததோ அதற்கு ஆறு வருஷம் கழித்து. இடையில் அந்தத் தீர்ப்பை எடுத்து ஒப்பந்தத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க நேரம் இல்லாமல் போயிற்று.

கரூர்ப் பக்கத்து ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வருஷக்கணக்கில் இழுத்து, 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே போகாத நிலையைப் பட்டறைகள் எட்ட வேண்டும், எட்டுகிற வரைக்கும் வெளியே விடுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம். 2007 ஜனவரியிலிருந்து லிட்டருக்கு 6 பைசா, ஏப்ரலிலிருந்து 8, ஜூனிலிருந்து 10.

ஆறு பைசா என்றதும் ஊரில் பலர் சிரித்தார்கள். ஆறு பைசாவுக்கு இன்றைக்கு என்ன கிடைக்கும்? அப்பா பேப்பரைப் படித்துவிட்டு விரலை மடக்கினார். "ஆயிரம் லிட்டருக்கு அறுவது ரூபா" என்றார். உள்ளே வருகிற தண்ணீர் 45, வெளியே போகிற தண்ணீர் 60. ஜூன் வந்தால் 100. அத்தனை வருஷமாகப் பூஜ்யமாக இருந்த குழாய்க்கு முதல்முறையாக ஒரு எண் வந்தது, அதுவும் வந்த வேகத்தில் மற்றக் குழாயைத் தாண்டிவிட்டது. அந்த எண்ணைப் போட்டது நகராட்சி இல்லை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இல்லை, கம்பெனி இல்லை. நீதிபதிகள்.

என்னுடைய பெரிய குறையே இங்கேதான். விலை போடுவது கோர்ட்டின் வேலையா? கோர்ட்டுக்குக் கையில் இருப்பது கத்தி ஒன்றுதான், அதால் காய் நறுக்கலாம், விரலையும் நறுக்கலாம். பட்டறைகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது, மூன்று மாதக் கெடு கொடுத்தது. கெடு போயிற்று. 2011 ஜனவரி 28-ஆம் தேதி உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை ஒரே உத்தரவில் மூடச் சொன்னது.

அந்த வருஷப் பொங்கல் தாண்டிய திருப்பூரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாயம் போட இடமில்லாமல் துணி வெளியூர்களுக்குப் போயிற்று. பேக்கரிகளில் சாயங்காலக் கூட்டம் காணாமல் போயிற்று. எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு டையிங் மாஸ்டர் குடும்பம் பாத்திரங்களை மினி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மதுரைப் பக்கம் போனது. இன்னொரு பக்கம், ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைகளில் ராத்திரியோடு ராத்திரியாகத் திருட்டுச் சாயம் நடந்தது. அந்தத் தண்ணீர் எந்தப் பள்ளத்தில் போயிற்றோ. பூஜ்யத்திலிருந்து முடிவிலிக்கு ஒரே நாளில் விலை ஏறினால் இப்படித்தான் ஆகும். 1996-லேயே லிட்டருக்கு அரைப் பைசா என்று ஆரம்பித்து வருஷாவருஷம் ஏற்றியிருந்தால், கணக்குத் தெரிந்த பட்டறைக்காரர்கள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்திருப்பார்கள் என்பது என் எண்ணம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதை வேண்டுமானாலும் குறை சொல்லலாம், கணக்கைக் குறை சொல்ல முடியாது.

பிறகு மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். இப்போது சாயத்தண்ணியை ஆர்.ஓ.வில் விட்டு முக்கால்வாசிக்கு மேல் நல்ல தண்ணீராகப் பிரிக்கிறார்கள். மிஞ்சுகிற உப்புக் கரைசலில் ஒரு பகுதியை மறுபடி சாயம் போடவே பயன்படுத்துகிறார்கள். இது அருள்புரத்தில் சோதித்துப் பார்த்து வெற்றியான முறை. மீதியை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பாக எடுக்கிறார்கள். சொல்ல ஒரு வரி. கரண்ட் பில்லையும் விறகு பில்லையும் பார்த்தால் மயக்கம் வரும். சின்னப் பட்டறைகள் பல இந்தச் செலவைத் தாங்காமல் மூடின, தாங்கியவர்கள் பெரியவர்கள். எதற்கும் ஆகாத கலப்பு உப்பு இன்னும் மூட்டை மூட்டையாக அங்கங்கே ஷெட்டில் அடுக்கிக் கிடக்கிறது. இதைக் குறையில்லாத வெற்றி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஒன்று பாருங்கள். வெளியே போகிற தண்ணீருக்கு விலை வந்ததும் பட்டறைக்கு உள்ளே வருகிற தண்ணீரின் தேவை விழுந்துவிட்டது. பத்தில் ஒன்பது பங்குத் தண்ணீர் திரும்ப வருகிறதென்றால் புதிதாக எதற்கு வாங்க வேண்டும்? அதனால் அடி வாங்கியது யார்? 18.5 கோடி லிட்டர் விற்கலாம் என்று கடன் வாங்கிக் குழாய் போட்ட அந்தக் கம்பெனி. முதலிலிருந்தே விற்பனை முழு அளவை எட்டவில்லை. நல்ல மழை பெய்த வருஷங்களில் பட்டறைகள் 45 ரூபாய்த் தண்ணீரோடு கிணற்றுத் தண்ணீரைக் கலந்து ஓட்டினார்கள், லாரி போவதற்கு முன் அப்பாவே அப்படிச் சில லோடு அடித்திருக்கிறார். 2011-க்குப் பிறகு சொல்லவே வேண்டாம். 2018-இல் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். குழுமமே கடன் கட்ட முடியாமல் கவிழ்ந்தது தனிக்கதை.

ஒப்பந்தம் போட்டவர்கள் முட்டாள்கள் அல்ல. ஆறு வறண்டுபோனால் என்ன செய்வது என்று யோசித்து, தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்துக்கென்றே தனி நிதி ஒதுக்கச் செய்திருந்தார்கள். தண்ணீர் வராமல் போகலாம் என்று பயந்தார்கள், தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் நாள் வரும் என்று நினைக்கவில்லை. பூஜ்ய விலை என்றைக்கும் பூஜ்யமாகவே இருக்கும் என்ற நம்பிக்கை அந்த 45 ரூபாய்க்குள் ஒளிந்திருந்தது. ஆக, இரண்டாவது கூட்டாளி சொல்கிற மாதிரி 'தனியார் வந்ததால் கெட்டது' என்றும் இதைச் சொல்ல முடியாது. அந்தக் குழாயை அரசே போட்டிருந்தாலும் 2011-இல் இதே பள்ளத்தில்தான் விழுந்திருக்கும், நஷ்டம் நம் வரிப்பணத்தில் சத்தமில்லாமல் கரைந்திருக்கும்.

வெளியே போகிற குழாய்க்கு முதலிலேயே விலை வைத்த ஊர் ஒன்றும் தமிழ்நாட்டில் உண்டு. சென்னைக்குப் பக்கத்து ஆலந்தூர், அன்றைக்குத் தனி நகராட்சி. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதி, வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட், அப்புறம் மாதக் கட்டணம் என்று மக்களிடமே கேட்டார். கவுன்சிலர்கள் தெருத்தெருவாகக் கூட்டம் போட்டார்கள். ஜனங்கள் கட்டினார்கள்! தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனும் சேர்ந்தது. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையத்தை மட்டும் தனியார் கட்டி, சில வருஷம் நடத்தித் திருப்பித் தருவதாக ஏற்பாடு. தேர்தலில் நிற்கிற ஆள் வீட்டுக்கு ஐயாயிரம் கேட்பது என்பது நம் ஊரில் சாதாரண விஷயமா? செப்டிக் டேங்க் லாரிக்கு ஏற்கெனவே எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டுக் கணக்குக் காட்டியதுதான் அங்கே வேலை செய்தது என்று நினைக்கிறேன். கழிவை அப்புறப்படுத்தச் செலவாகும் என்பது ஆலந்தூர் வீட்டுக்காரருக்கு மாதாமாதம் தெரிந்திருந்தது. எங்கள் ஊர்ப் பட்டறைக்காரருக்கு அது தெரியவே வேண்டியிருக்கவில்லை. அந்தச் செலவை அப்புச்சி கட்டிக்கொண்டிருந்தார்.

சந்தை என்றாலே அரசு விலகிக்கொள்வது என்று நினைக்கிறவர்களை உழவர் சந்தைக்குக் காலையில் ஆறு மணிக்கு வரச் சொல்வேன். 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கியது, எங்கள் ஊரிலும் ரொம்ப நாளாக இருக்கிறது. அந்தக் கட்டடமும் அரசுடையது, தராசும் அரசுடையது. வந்தவர் நிஜமாகவே விவசாயிதானா என்று தோட்டத்துக்கே போய்ப் பார்த்து அட்டை கொடுப்பதும் அரசு ஆள். காலையில் கரும்பலகையில் விலை எழுதுகிறார்களே, மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே, அதுவும் அரசு ஊழியர் எழுதுவதுதான். ஆனாலும் அது சந்தை. எங்கம்மா கத்தரிக்காயைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்கிற வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. தண்ணீரில் அப்படி ஒரு கரும்பலகை மாட்டத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

அப்புச்சி 2014-இல் போய்ச் சேர்ந்தார். இழப்பீடு கணக்கிட ஆணையம் எல்லாம் வந்தது, கணக்கிட்டார்கள், அவருக்கும் கொஞ்சம் வந்தது. தொகையை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கிணறு இன்னும் இருக்கிறது. நல்ல மழைக்குப் பிறகு கொஞ்சம் தேவலை என்று மாமா சொல்கிறார். தீவனச் சோளம் போட்டிருக்கிறார்.

நான் இப்போது ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் துணிக்குச் சாயம் போடும் பட்டறை சேர்ந்திருக்கிற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போன வருஷம் ஒரு பில் விஷயமாகப் போக வேண்டியிருந்தது. சும்மா வீட்டில் இருக்கிறாரே என்று அப்பாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டேன். நான் உள்ளே கையெழுத்து வாங்கி வருவதற்குள் அவர் அங்கிருந்த ஆப்பரேட்டரோடு சிநேகமாகிவிட்டார். ஆர்.ஓ.விலிருந்து வருகிற தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆப்பரேட்டர் பேனா மீட்டரை எடுத்துக் காட்டினார். அப்பா அதைக் கண்டுகொள்ளவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து வாயில் விட்டு, கொப்பளித்து, ஓரமாகத் துப்பினார்.

"லைட் ஷேடுக்கே ஆகும்" என்றார். அப்புறம், "இது ஆயிரம் லிட்டர் என்ன அடங்குதுங்க?" என்று கேட்டார்.

ஆப்பரேட்டர் சொன்னார். லாரிக் காலத்து விலையோடு ஒப்பிட்டால் பல மடங்கு.

அப்பா விரலை மடக்கி ஏதோ கூட்டினார். பாதியில் விட்டுவிட்டார். பைக் பக்கம் நடக்கும்போது என்னிடம் சொன்னார்: "அன்னைக்கே இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தா நான் லாரியே வாங்கியிருக்க மாட்டேன் கண்ணு."